மோட்டார் ஆஃப் பண்ணியாச்சா?

இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் வீட்ல, ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது இந்தக் கேள்வி கேட்கும். ஒருத்தர் குளிச்சுட்டே கத்துவாங்க. இன்னொருத்தர் சீரியல் பார்த்துட்டே "ம்ம்"னு சொல்லுவாங்க. கொஞ்ச நேரத்துல மொட்டை மாடியில இருந்து தண்ணி சொடசொடன்னு கொட்டும். உடனே எதிர் வீட்டுப் பெரியம்மா கேட் பக்கம் வந்து, "தண்ணி போவுது பாரும்மா!"ன்னு ஒரு குரல் கொடுப்பாங்க. சென்னையோட ஒரிஜினல் நோட்டிஃபிகேஷன் அதுதான். ஆப் வேணாம், சார்ஜ் வேணாம், சைலன்ட்ல போடவும் முடியாது.

அந்தப் பெரியம்மாவுக்கு ஓய்வு கொடுக்கணும்னு நான் ஆரம்பிச்ச கதை இது. கடைசியில ஒரு லாரித் தண்ணியும் ஒரு மோட்டார் காயிலும் போச்சு. இ.இ.இ. படிக்கிற பொண்ணு வீட்லயே மோட்டார் எரிஞ்சதுன்னு டிபார்ட்மென்ட்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. (சொல்லாம இருக்க மாட்டீங்கன்னு தெரியும்.)

எங்க வீடு பெருங்குடி. ஓஎம்ஆர்ல போறப்ப வரிசையா கண்ணாடி பில்டிங் பார்த்திருப்பீங்களே, அது இல்ல. அதுக்குப் பின்னாடி, பழைய ஊருக்குள்ள. 2011ல சென்னை மாநகராட்சியோட சேர்ந்தோம், ஒரு மண்டலத்துக்கே எங்க ஊர் பேரை வச்சாங்க. ஆனா எங்க தெருவுக்குத் தண்ணி இன்னும் லாரியிலதான் வருது. ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்துல கடல். எங்க போர் தண்ணி துணி துவைக்கவும் கழுவவும் ஆகும், வாயில வச்சா உப்பு. அதனால லாரித் தண்ணியை சம்ப்ல இறக்கி, 1 ஹெச்பி மோட்டார் போட்டு மாடி டேங்க்குக்கு ஏத்தணும். கீழ நாங்க நாலு பேர், மாடியில வாடகைக்கு ஒரு குடும்பம்.

2019ல நான் பத்தாவது. ஏரியெல்லாம் வறண்டு, ஓஎம்ஆர்ல சில ஐடி கம்பெனிகள் தண்ணி இல்லாம ஆளுங்களை வீட்ல இருந்தே வேலை பாருங்கன்னு அனுப்பின வருஷம். ஜூலை மாசம் ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்ததை டிவியில பார்த்தோம். அப்போ எங்க வீட்ல தண்ணிக் கணக்கு முழுக்க ஆயா கையில. சம்ப் மூடியைத் தூக்கி, ஒரு மூங்கில் கழியை விட்டு எடுத்து, ஈரம் எதுவரைக்கும்னு பார்த்து, சுவத்துல சாக்பீஸ்ல கோடு போடும். எங்க வீட்டோட முதல் லெவல் சென்சார் அந்தக் கழி. முதல் டேட்டாபேஸ் அந்தச் சுவரு.

மாடி டேங்க்குக்கு ஆயாவுக்குக் கழிகூட வேணாம், காது போதும். டேங்க் காலியா இருக்கறப்ப தண்ணி விழுற சத்தம் கனமா இருக்கும், நிறைய நிறைய மெலிசாகும். கைப்பம்புல குடம் பிடிச்சவங்க எல்லாருக்கும் இது தெரியும். உள்ள இருக்கிற காத்துப் பகுதி குறையக் குறைய ஃப்ரீக்வென்சி ஏறுதுன்னு நாம ஸ்கூல் ஃபிசிக்ஸ்ல படிச்சது இதுதான். சம்ப்ல தண்ணி குறைஞ்சு மோட்டார் காத்தை இழுக்க ஆரம்பிச்சாலும் ஆயாவுக்குத் தெரியும். "கரகரங்குது, நிறுத்துடி"ன்னு சொல்லும். போய்ப் பார்த்தா சரியா அடிமட்டத்துல இருக்கும்.

இப்போ என் பக்கம் வரேன்.

செகண்ட் இயர்ல எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சுது. முதல்ல ஸ்மார்ட் பல்ப். ஹால்ல ஒண்ணு, அப்பா ரூம்ல ஒண்ணு. ரெண்டு வாரம் வீடே என்னைப் பெருமையா பார்த்துச்சு. ஒரு ராத்திரி மூணு மணிக்கு கரண்ட் போய் வந்துச்சு. வந்ததும் ரெண்டு பல்பும் ஃபுல் வெளிச்சத்துல பளீர்னு எரிஞ்சுது. அந்த மாதிரி பல்புக்கு அதுதான் பழக்கம்: கரண்ட் வந்தா, யாரோ சுவத்துல சுவிட்ச் போட்டிருக்காங்கன்னு நினைச்சு எரியும். அப்பா விடிஞ்சுடுச்சுன்னு எழுந்து, பல்லு விளக்கி, ஷேவ் பண்ணி, பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போய் நாயைத் தவிர யாரும் இல்லாததைப் பார்த்துத்தான் மணி பார்த்தாரு. நான் ஆப்ல 'கரண்ட் வந்தா பழைய நிலைக்கே போ'ங்கிற செட்டிங்கைத் தேடிப் போட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. அதை ஒரு மாசம் கேன்டீன்ல ஜோக்கா சொல்லிட்டுத் திரிஞ்சேன். கரண்ட் போய் வந்தா இந்தப் பொருள் என்ன பண்ணும்ங்கிற கேள்வியை வேற எதுகிட்டயும் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி ராத்திரி ஆரம்பிச்ச மழை 4ஆம் தேதி முழுக்க விடல. தெருத் தண்ணி சம்ப்ல இறங்கிடுச்சு. கரண்ட் நாள் கணக்குல இல்ல. ஆயா மொட்டை மாடி டேங்க் மூடியைத் திறந்து, கயிறு கட்டின வாளியில மொண்டு மொண்டு அளந்து கொடுத்துச்சு. இன்னும் எவ்ளோ இருக்குன்னு யாருக்கும் சரியாத் தெரியல. அன்னிக்கு முடிவு பண்ணேன், இந்த டேங்க்கை நான் அளக்கப் போறேன்னு.

பெருங்குடி ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறினா சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துடலாம். போகாதவங்க ஒரு தடவையாவது போங்க. ஒரு கடையில நின்னு "அல்ட்ராசோனிக் சென்சார்"னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பக்கத்துக் கடைக்காரர் எடுத்து வச்சிருப்பாரு. இஎஸ்பி8266 போட்ட நோட்எம்சியூ போர்டு ரெண்டு, ஹெச்சி-எஸ்ஆர்04 சென்சார் ஒண்ணு, ரிலே போர்டு ஒண்ணு. அந்த சென்சார் 40,000 ஹெர்ட்ஸ்ல ஒரு சத்தம் போடும், நமக்குக் கேட்காது. அது தண்ணியில பட்டுத் திரும்பி வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பார்த்தா தூரம் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டருக்குப் போக வர 58 மைக்ரோ செகண்ட். யோசிச்சுப் பாருங்க, இதுவும் சத்தத்தை வச்சுத்தான் டேங்க்கை அளக்குது. ஆயா பண்ணினதேதான். ஆனா அன்னிக்கு எனக்கு அப்படித் தோணல.

முதல் சென்சார் மூணு வாரம் வாழ்ந்துச்சு. டேங்க் மூடிக்கு அடியில ராத்திரி பூரா நீர் கோத்து, காலையில சொட்டும்னு நான் நினைச்சுப் பார்க்கல. எடுத்துப் பார்த்தா கால் எல்லாம் பச்சை பிடிச்சிருந்துச்சு. அடுத்தது தண்ணி புகாத சென்சார், காருக்குப் பின்னாடி பம்பர்ல வட்டமா இருக்குமே, அந்த ஜாதி. அதுல வேற வியாதி: 20 சென்டிமீட்டருக்குள்ள எது வந்தாலும் அதுக்குக் கண்ணு தெரியாது. அதாவது டேங்க் நிறையற நேரத்துல, எப்போ சரியா சொல்லணுமோ அப்போதான், உளறும். முதல் நாளே டேங்க் வழிஞ்சுது. எதிர் வீட்டுப் பெரியம்மா வந்து குரல் கொடுத்தாங்க. மூடிக்கு மேல ஒரு அடி பிவிசி பைப் வச்சு சென்சாரைத் தூக்கி மாட்டினேன், சரியாச்சு.

மே மாச வெயில்ல இன்னொண்ணு கண்டுபிடிச்சேன். சூட்டுல சத்தம் வேகமா போகும். 20 டிகிரியில செகண்டுக்கு 343 மீட்டர்னா, 40 டிகிரியில 355. மதியம் ரெண்டு மணிக்கு என் சென்சார் டேங்க்ல இல்லாத ரெண்டு பக்கெட் தண்ணியை இருக்குன்னு சொல்லிட்டு இருந்துச்சு. டெம்பரேச்சர் சென்சார் ஒண்ணு சேர்த்து அதையும் திருத்தினேன். இதெல்லாம் சொல்றது ஏன்னா, நான் கவனம் இல்லாத ஆள் இல்லன்னு நீங்க நம்பணும். ரெண்டு பக்கெட் தப்புக்கு ஒரு வாரம் உட்கார்ந்த ஆள் நான்.

அம்மா ஒண்ணு கேட்டாங்க: "எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல காட்டுமா." மாடிப்படி பக்கத்துல ஒரு குட்டி ஓஎல்ஈடி ஸ்க்ரீன் வச்சிருந்தேன். நான் பயன்படுத்தின லைப்ரரிக்கு 'கொ'வுல கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் வரணும்னு தெரியாது. அதனால நாலே நாலு வார்த்தையைப் படமா வரைஞ்சு ஏத்தினேன்: காலி, கால், அரை, முக்கால். நிறைஞ்சா ஒரு குடம் படம். ஆயா முதல் நாள் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "கால்னு போட்டிருக்கே, யாரு காலு?"ன்னு கேட்டுச்சு. அன்னிக்கு சிரிச்ச சிரிப்புல மாடி வீட்டு அக்காவே இறங்கி வந்துட்டாங்க.

இதோட நிறுத்தியிருக்கலாம். அளக்கறது மட்டும்னா யாருக்கும் கெடுதல் இல்ல. ஆனா மூணாவது வருஷம் வந்துடுச்சு, மினி ப்ராஜெக்ட் வேணும், 'அளக்கிறது'ன்னா சின்னதா இருக்கு, 'தானே இயங்குற'ன்னு தலைப்புல வந்தாத்தான் கெத்து. ஸ்டார்ட்டர் பாக்ஸ்ல இருந்த பச்சை பட்டன், சிவப்பு பட்டனை விட்டுட்டு கான்டாக்டரை என் ரிலே வழியா இழுத்தேன். கால் வந்தா மோட்டார் ஓடும், குடம் வந்தா நிக்கும்.

ஆரம்பத்துல ஆயாவுக்கும் என் மெஷினுக்கும் சண்டை. டேங்க் நிறையற சத்தம் கேட்டதும் ஆயா பழக்கத்துல போய் சிவப்பு பட்டனை அழுத்திடும். என் ப்ரோக்ராம், மோட்டார் ஓடுதுன்னு நினைச்சுட்டு தண்ணி ஏறலையேன்னு ஃபோனுக்கு எச்சரிக்கை அனுப்பிட்டே இருக்கும். நாலஞ்சு தடவை பார்த்தேன். ஒரு நாள் க்ளாஸ்ல இருந்து ஃபோன் பண்ணி, "ஆயா, அந்தப் பட்டனைத் தொடாத. உனக்கு இனிமே அந்த வேலையே இல்ல. என்ன சத்தம் வந்தாலும் மெஷின் பார்த்துக்கும்"னு சொன்னேன். கொஞ்சம் கோபமாவே சொன்னேன். அன்னிக்கு சாயங்காலம் பட்டன் பாக்ஸ் மேல ஒரு ப்ளாஸ்டிக் மூடி வச்சு டேப்பும் ஒட்டினேன். ஆயா ஒண்ணும் சொல்லல. சம்ப் கழியை மட்டும் எடுத்து மாடிப்படிக்கு அடியில சாத்தி வச்சுது.

நாலு மாசம் ஓடுச்சு. நல்லாவே ஓடுச்சு. "மோட்டார் ஆஃப் பண்ணியாச்சா?"ங்கிற கேள்வி எங்க வீட்ல இல்லாமப் போச்சு. ப்ராஜெக்ட்டுக்கும் நல்ல மார்க்.

போன வருஷம் மே மாசம், ஆறாவது செமஸ்டர் எக்ஸாம். அன்னிக்கு சாயங்காலம்தான் லாரி வந்து 6,000 லிட்டர் இறக்கிட்டுப் போச்சு. ராத்திரி யூட்யூப்ல ஒரு லெக்சர் பார்த்துட்டு இருக்கேன், சுத்திச் சுத்தி நிக்குது. யாரோ நம்ம வைஃபையில தொத்திட்டு இருக்காங்கன்னு கடுப்பாகி பாஸ்வேர்டை மாத்தினேன். என் ஃபோன், லேப்டாப், அம்மா ஃபோன், அப்பா ஃபோன் எல்லாத்துலயும் புதுசைப் போட்டேன். எங்க வீட்ல அந்தப் பாஸ்வேர்ட் தெரிஞ்சவங்க இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க: மாடியில ஒரு போர்டு, படிக்கு அடியில ஒரு போர்டு. அவங்களை நான் எண்ணல.

படுக்கறதுக்கு முன்னாடி பதினோரு மணிக்கு டெலிகிராம் பாட்கிட்ட கேட்டேன். 'முக்கால்'னு சொல்லுச்சு. ராஸ்பெர்ரி பை ரூட்டர்ல கேபிள்ல இருந்துச்சு, அதனால அதுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா அது சொன்ன முக்கால், ஒன்பதரை மணி முக்கால். மாடி போர்டு அப்பவே பேச்சை நிறுத்தியாச்சு. எந்த நேரத்து முக்கால்னு நான் அதைச் சொல்ல வைக்கல.

1.40க்கு கரண்ட் போய் வந்துச்சு. எனக்குத் தெரியாது, நான் தூங்கிட்டேன். பை எழுதி வச்சிருந்த லாக்ல பின்னாடி பார்த்தேன்.

காலையில வீட்டுக்குள்ள வார்னிஷ் கருகின வாசனை. அப்பா படிக்கு அடியில போய்ப் பார்த்தாரு. எம்சிபி விழுந்திருந்துச்சு, மோட்டார் மேல கை வைக்க முடியல. வாசலைத் திறந்தா தெரு ஈரம். எதிர் வீட்டுப் பெரியம்மா கோலம் போட வந்தவங்க, "ராத்திரி மழையாடி? எங்க வீட்டுப் பக்கம் மட்டும் பெய்யவே இல்லையே"ன்னு கேட்டாங்க.

சம்ப்பைத் திறந்தோம். தரை தெரிஞ்சுது.

ஆயா ரூம் படிக்குப் பக்கத்துலதான். அம்மா கேட்டாங்க, "உங்களுக்கு ஒண்ணும் கேக்கலையா?" ஆயா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு என்னைப் பார்த்துச் சொல்லுச்சு:

"கேட்டுச்சுடி. தண்ணி வழியறதும் கேட்டுச்சு. அப்புறம் சத்தம் மாறிச்சு, காத்தை இழுக்குதுன்னு தெரிஞ்சுது. எழுந்துகூட உக்காந்தேன். நீதான் தொடாதன்னியே. மெசினு ஏதோ பண்ணுது, நம்மளுக்கு என்னா தெரியும்னு இருந்துட்டேன்."

திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மாடி டேங்க் நிறைஞ்சு இருந்துச்சு, அவ்ளோதான் மிச்சம், 1,000 லிட்டர். அடுத்த லாரி மூணு நாள் கழிச்சுதான்னாங்க. ரெண்டு குடும்பம், மாடி அக்காவுக்கு மூணு மாசக் குழந்தை. அக்கா ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டாவது நாள் குழந்தையையும் பையையும் தூக்கிட்டு, "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்மா"ன்னு தாம்பரம் கிளம்பினாங்க. நான் கேட் திறந்து விட்டேன். எக்ஸாம் நல்லா எழுதுன்னு வேற சொல்லிட்டுப் போனாங்க. எதிர் வீட்ல தினம் ரெண்டு குடம் நல்ல தண்ணி கொடுத்தாங்க. நான் எக்ஸாமுக்குப் போன நேரத்துல ஆயா போய் இடுப்புல வச்சுத் தூக்கிட்டு வந்திருக்கு. 72 வயசு. அன்னிக்கு என்ன பேப்பர்னு கேக்கறீங்களா? ப்ரொடெக்‌ஷன் அண்ட் ஸ்விட்ச்கியர். நம்புங்க, டைம்டேபிள் இருக்கு.

தப்பு என்னன்னு கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் கூட ஆகல, அதுதான் இன்னும் வலிக்குது. ப்ரோக்ராமோட ஆரம்பத்துலயே இருந்துச்சு. என் ரிலே போர்டு, சிக்னல் பூஜ்யமா இருந்தா ஆன் ஆகுற வகை. நான் முதல் வரியில அந்தப் பின்னை அவுட்புட்டுன்னு அறிவிச்சிருந்தேன். அறிவிச்ச உடனே அது பூஜ்யத்துல நிக்கும், அதாவது மோட்டார் ஆன். அடுத்த வேலை, வைஃபை கிடைக்கற வரைக்கும் காத்திரு. அதுக்கும் அடுத்த வரியிலதான் மோட்டாரை ஆஃப் பண்ணுன்னு எழுதியிருந்தேன். நாலு மாசமா ஒவ்வொரு தடவை கரண்ட் வந்தப்பவும் மோட்டார் நாலஞ்சு செகண்ட் ஓடி நின்னிருக்கு, யாரும் கவனிக்கல. அன்னிக்கு பாஸ்வேர்ட் பழசு. போர்டு வைஃபைக்காகக் காத்திருந்துச்சு. ரெண்டு மணி நேரத்துல சம்ப் காலி. அப்புறமும் காத்திருந்துச்சு. ரெண்டு வரியை மேல கீழ மாத்திப் போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.

இன்னொண்ணு. இந்த போர்டுகள் பையோட பேசறது எம்க்யூடிடிங்கிற முறையில. 1999ல எண்ணெய்க் குழாய்களை சாட்டிலைட் வழியா கண்காணிக்க, ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர்னு ரெண்டு பேர் உருவாக்கினது. யாரும் பக்கத்துல இல்லாத இடம், அடிக்கடி லைன் அறுந்து போகும். அதனால அதுல 'உயில்'னு ஒரு வசதி வச்சாங்க. நிஜமாவே அதுக்குப் பேரு அதுதான். கனெக்ட் ஆகும்போதே ஒரு கருவி, "நான் சொல்லிக்காம போயிட்டேன்னா, எல்லார்கிட்டயும் இதைச் சொல்லிடுங்க"ன்னு ஒரு செய்தியைக் கொடுத்து வச்சுக்கலாம். மாடி போர்டு அப்படி ஒரு உயில் எழுதி வச்சிருந்தா, பாஸ்வேர்ட் மாத்தின ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல என் ஃபோன் கத்தியிருக்கும். ஒரே வரி. ட்யூட்டோரியல்ல இருந்துச்சு. வேண்டாம்னு தாண்டிப் போனேன்.

கந்தன்சாவடி பக்கம் காயில் கட்டுற கடைக்கு மோட்டாரைத் தூக்கிட்டுப் போனோம். மெக்கானிக் அண்ணன் பிரிச்சு மூக்குகிட்ட வச்சுப் பார்த்துட்டு, "தண்ணி இல்லாம ஓட்டிக்கிறீங்க"ன்னாரு. நான் என்ன பண்ணேன்னு விளக்கினேன். பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு, "எல்லாம் கரெக்டுமா. ஃப்ளோட் எங்க?"ன்னாரு.

ஃப்ளோட் இல்ல. ஒயர் முனையில ஒரு மிதவை, தண்ணி இறங்கினா கூடவே தொங்கி, உள்ள ஒரு சுவிட்ச் லைனை வெட்டும். ஹார்டுவேர் கடையில சில நூறு ரூபாய். வைஃபை வேணாம், பாஸ்வேர்ட் வேணாம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் ஆரம்பப் பாடத்துல டெசிபியஸ்னு ஒருத்தர் வருவாரே, கி.மு. 3ஆம் நூற்றாண்டுல அலெக்சாண்ட்ரியாவுல தண்ணிக் கடிகாரத்துக்கு மிதவை வச்சவர். அந்த யூனிட்ல எனக்கு நல்ல மார்க்தான். எங்க வீட்டு ஃப்ளஷ் டேங்க்லயே ஒரு மிதவை இருக்கு, தினம் பார்க்கிறேன்.

காயில் காசு நான் என் ட்யூஷன் பணத்துல கொடுத்தேன். அப்பா வாங்கல முதல்ல, அப்புறம் வாங்கிட்டாரு. வாங்கினதுதான் சரி.

மறுபடி மாட்டறப்ப என்ன பண்ணேன்னு கேட்டா, வரிகளை மாத்தினேன், உயில் எழுதினேன், ஸ்க்ரீன்ல நேரமும் வர வச்சேன். சம்ப்ல ஃப்ளோட், என் ரிலேக்கு முன்னாடியே லைனை வெட்டற மாதிரி. அதுக்கெல்லாம் மேல, ஸ்டார்ட்டர் பக்கத்துல ஒரு மூணு நிலை சுவிட்ச்: மெஷின், ஆஃப், கை. ஆஃப்ல வச்சா என் ப்ரோக்ராம் என்ன நினைச்சாலும் மோட்டார் ஓடாது. கையில வச்சா பழையபடி பச்சை, சிவப்பு பட்டன். டேப்பைப் பிச்சு எறிஞ்சேன். ஆயாகிட்ட, "எப்போ வேணா அமுக்கு, மெஷின் கோச்சுக்காது"ன்னேன். "உன் மெசினு கோச்சுக்கல, நீதான் கோச்சுக்கினே"ன்னுச்சு.

சுவிட்ச் பக்கத்துல ஒட்ட ஒரு தாள் வேணும்னு அம்மா சொன்னாங்க, எது எதுக்குன்னு. ஜூலையில நான் வேலைக்குப் பெங்களூரு போறேன், அப்புறம் யாருக்குத் தெரியும் இதெல்லாம்? நியாயம்தான். உட்கார்ந்தேன். பத்தாவதுக்கு அப்புறம் நான் தமிழ்ல ஒரு பக்கம் முழுசா எழுதினதே இல்ல (இந்தக் கட்டுரையை விட்டா). அதனால ஃபோன்ல மொழிபெயர்த்து, "அவசர காலத்தில் மின்னோட்டத்தைத் துண்டிக்கவும்"னு எழுதி ஆயாகிட்ட படிச்சுக் காட்டினேன்.

"கரண்ட்டை யாரு கட் பண்றது? ஈபிக்காரனா?"

அடிச்சுட்டு, "மோட்டாரை அணைக்கவும்"னு எழுதினேன்.

"அணைக்கிறது விளக்கைடி."

இப்படியே ஒரு மணி நேரம். கடைசியில ஆயா சொல்லச் சொல்ல நான் எழுதினது இன்னும் அங்க ஒட்டியிருக்கு. அப்படியே தரேன்:

சத்தம் மாறினா செவப்பு பட்டனை அமுக்கு. அமுக்கியும் ஓடினா பெரிய சுவிட்சை நடுவுல வை. அப்பவும் ஓடினா மேல இருக்கிற ஃப்யூஸ் பெட்டியில மூணாவதைக் கீழ தள்ளு. தண்ணி இருக்கான்னு சந்தேகமா இருந்தா கழியை விட்டுப் பாரு. கழி படிக்கு அடியில.

மாடி அக்கா திரும்பி வந்ததும் குழந்தையோட நின்னு அதைப் படிச்சாங்க. படிச்சுட்டு, ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. இப்போ நான் இல்லாதப்ப சில நாள் அவங்களே மோட்டார் போடறாங்க, கையில வச்சு.

எனக்கு இப்போ ஒரு கெட்ட பழக்கம் வந்துடுச்சு. கரண்ட் போனா முழிச்சுக்கறேன். ஃபேன் நின்னதும் கண்ணு திறந்துடும், கரண்ட் வர்ற வரைக்கும் தூக்கம் வராது. ரிலே 'டிக்'னு அடிக்குதான்னு காதைத் தீட்டிட்டுப் படுத்திருப்பேன். டெஸ்ட் பண்ணியாச்சு, இருபது தடவை மெயினைப் போட்டு எடுத்துப் பார்த்தாச்சு, ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். இருந்தாலும்.

போன வாரமும் ராத்திரி போச்சு. ரெண்டு மணி இருக்கும். கொஞ்ச நேரத்துல வந்துச்சு, ஃபேன் சுத்த ஆரம்பிச்சுது, ஃப்ரிட்ஜ் ஒரு தடவை உறுமிச்சு. நான் மூச்சைப் பிடிச்சுட்டு படிப் பக்கம் கேட்டுட்டு இருக்கேன். பக்கத்து ரூம்ல இருந்து குரல் வந்துச்சு.

"ஓடலடி. படு."